பித்தளைக் காலத் தானுந்தை ஒளிப்படத்தில் இனங்காணுதல்

ழாக் ஆன்ரி லார்த்திக் என்னும் பிரெஞ்சு இளைஞர் எடுத்த பந்தயப் படம் ஒன்று, ஒளிப்பட வரலாற்றின் தலைசிறந்த படங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. விரைந்தோடும் வண்டியின் பின்சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாய்த் தெரிகிறது. சாலையோரத்து மக்களும் கம்பங்களும் எதிர்ப்புறம் சாய்ந்து நிற்கின்றனர். 1912ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பெரும்பரிசுப் பந்தயத்தில் ஓடிய டெலாஜ் வண்டி இது என்ற குறிப்பு நெடுங்காலம் இப்படத்தோடு வழங்கிவந்தது. நூல்கள் பலவும் அக்குறிப்பையே எடுத்தாண்டன. ஆனால் அவ்வாண்டு தியெப் நகரில் நடந்த பந்தயத்தில் டெலாஜ் நிறுவனம் கலந்துகொள்ளவே இல்லை. படத்திலுள்ளது 1913 சூலை 12 அன்று அமியான் நகர்ப் பந்தயத்தில் 6ஆம் எண் தாங்கி ஓடிய ஷ்னைடர் வண்டி என்று இன்று அறியப்பட்டுள்ளது.

ஆண்டும் பிழை, பெயரும் பிழை. இத்தனை புகழ்பெற்ற படத்தில் இப்பிழை நிலைத்ததற்குக் காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. வண்டியின் முற்பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நமக்குத் தெரிவன எரிபொருள் கலனும், பின்சக்கரமும், ஓட்டுநரும், அவர் துணைவருமே. ஒரு வண்டியின் குலத்தைச் சொல்லும் முகப்பு படத்தில் இல்லாதபோது, காண்போர் படத்தை விட்டுக் குறிப்பை நம்பினர்.

பழைய தானுந்துப் படம் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் உணர வேண்டியது இதுதான்: பெயர் சூட்டுதல் ஆய்வின் கடைசிப் படி. உறுப்புகளைத் தனித்தனியே படித்து, ஒவ்வொன்றும் எந்தக் காலத்தை அனுமதிக்கிறது, எதை விலக்குகிறது என்று கணக்கெடுத்த பின்னரே பெயருக்கு வரவேண்டும். பெயரை முதலில் முடிவுசெய்தால், எஞ்சிய சான்றுகள் எல்லாம் அப்பெயருக்கு ஏற்றவையாகவே கண்ணுக்குத் தோன்றும்.

இளைய உறுப்பே காலத்தைச் சொல்லும்

கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர ஊர்திக்குக் காப்புரிமை கோரியது 1886 சனவரி 29 அன்று. அதிலிருந்து முதல் உலகப் போர் வரையிலான காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் தானுந்துகள் வெளிவந்தன. பல நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. விளக்குகளும் குளிர்விப்பான்களும் பித்தளையில் மின்னிய காரணத்தால், இந்தக் காலத்தின் பிற்பகுதியை ஆய்வாளர் பித்தளைக் காலம் என்பர்.

இப்பெருங்கூட்டத்துள் ஒன்றைக் கண்டெடுக்க உதவும் முதல் விதி எளியது. ஒரு படத்தில் காணும் உறுப்புகளுள் மிகப் பிந்தித் தோன்றியது எதுவோ, அதற்கு முன் அப்படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. வண்டி முழுவதும் பழமை தோன்ற இருந்தாலும், ஓர் இளைய உறுப்பு இருந்தால் கீழெல்லையை அதுவே உறுதிசெய்யும். மேலெல்லைக்கு இத்தகைய உறுதி இல்லை. 1904இல் வாங்கிய வண்டியை 1914இலும் ஒருவர் ஓட்டியிருக்கலாம். ஆகவே வண்டி செய்யப்பட்ட ஆண்டு வேறு, படம் எடுக்கப்பட்ட ஆண்டு வேறு. இவ்விரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

பழமைத் தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்க உயர்சக்கர வண்டிகள் சான்று. குதிரைவண்டிக்கு உரிய பெரிய சக்கரங்கள், காற்றடைக்காத திண்ரப்பர் டயர், கைத்தண்டால் திசைதிருப்பும் அமைப்பு ஆகியவற்றைக் கண்டதும் 1900க்கு முந்தியது என்றே எவரும் சொல்வர். ஆனால் அஞ்சல்வழி விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் இவ்வகை வண்டி 1908 முதல் 1912 வரை விற்பனையில் இருந்தது. இன்டர்நேஷனல் நிறுவனத்தின் வண்டி 1907இல் தொடங்கியது. சேறும் ஆழ்ந்த சக்கரத்தடமும் நிறைந்த நாட்டுப்புறச் சாலைகளில் வண்டியின் அடிப்பகுதி தரையில் தட்டாமல் செல்ல உயர்ந்த சக்கரம் தேவைப்பட்டது. நகரத்தில் பழமையாகிவிட்ட வடிவம் நாட்டுப்புறத்தில் தக்க காரணத்தோடு வாழ்ந்தது.

கூண்டு வேறு, அடிச்சட்டம் வேறு

அக்காலத்தில் உயர்விலை வண்டியை வாங்குவோர் பலர், பொறியும் சக்கரமும் பொருந்திய அடிச்சட்டத்தை மட்டும் ஒரு நிறுவனத்தில் வாங்கி, மேற்கூண்டை வேறொரு தொழிற்கூடத்தில் கட்டிக்கொண்டனர். இன்று பேருந்தின் சேஸிஸ் ஓர் ஆலையிலிருந்து வர, கரூரில் அதற்குக் கூண்டு கட்டப்படுவதைப் போன்றது இது. கூண்டின் அழகைக் கண்டு பேருந்தின் நிறுவனத்தைச் சொல்ல முடியாதவாறே, இருக்கையின் வளைவையும் கூரையின் அமைப்பையும் கொண்டு பழைய வண்டியின் குலத்தைச் சொல்ல முடியாது.

எனவே கண் முதலில் செல்ல வேண்டிய இடங்கள் அடிச்சட்டத்தைச் சேர்ந்தவை: குளிர்விப்பான், பொறிமூடி, அச்சு, பட்டைவில், சக்கரக் குடம், ஆரக்கால். கூண்டு காலத்தைச் சொல்ல உதவும். முன்னிருக்கைக்குக் கதவு இல்லாத திறந்த வண்டியானால் பெரும்பாலும் 1910ஐ ஒட்டியதோ அதற்கு முந்தியதோ ஆகும். ஏறத்தாழ 1910 முதல் 1912க்குள் முன்கதவு பரவலாயிற்று. இதனைக் காலத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். பெயருக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

முகப்பு சொல்லும் குலம்

தொடக்ககால வண்டிகள் பலவற்றில் பொறி இருக்கையின் கீழ் இருந்தது. முன்னால் பொறி, பின்சக்கரத்துக்கு இயக்கம் என்ற ஒழுங்கைப் பனார் லெவாசோர் நிறுவனம் 1891இல் நிலைநாட்டியது. 1901இல் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டி, தேன்கூட்டு அமைப்புடைய குளிர்விப்பானை முகப்பில் நிமிர்த்தி வைத்தது. சிறு குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட அந்த அமைப்பு குறைந்த நீரைக்கொண்டு மிகுந்த வெப்பத்தை வெளியேற்றியது. அதன்பின் குளிர்விப்பானே வண்டியின் முகமாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் அதன் விளிம்பைத் தனக்குரிய வடிவில் வார்த்தது. கிரேக்கக் கோயில் முகப்பை ஒத்த ரோல்ஸ் ராய்ஸ் வடிவமும், உருண்டையான டெலோனே பெல்வில் வடிவமும் தொலைவிலிருந்தே அறியத்தக்கவை.

ரெனோ நிறுவனம் வேறு வழி சென்றது. குளிர்விப்பானைப் பொறிக்குப் பின்னால் வைத்ததால், அதன் பொறிமூடி முன்னோக்கிச் சரிந்து இறங்கியது. சரிந்த மூடியைக் கண்டவுடன் ரெனோ என்று முடிவு கட்டுவது பொதுவாக நிகழும் பிழை. அதே அமைப்பைக் கிளமான் பயார், சரோன் முதலிய நிறுவனங்களும் பின்பற்றின. குளிர்விப்பானே இல்லாத முகப்பும் உண்டு. அப்போது அது காற்றால் குளிரும் பொறியோ, நீராவி வண்டியோ, மின்கல வண்டியோ என்று பிரித்தறிய வேண்டும்.

ஒரே கருவில் பிறந்த இரட்டையரும் உளர். ஹென்றி போர்டு 1902இல் தாம் தொடங்கிய ஒரு நிறுவனத்தை விட்டு விலகினார். அந்நிறுவனமே ஹென்றி லீலண்ட் வழிகாட்டலில் கேடிலாக் ஆயிற்று. போர்டு மீண்டும் தொடங்கிய நிறுவனம் 1903இல் தன் ஏ வகை வண்டியை வெளியிட்டது. இரண்டிலும் பொறி இருக்கையின் கீழ். இரண்டும் சங்கிலியால் இயங்குவன. தோற்றமும் ஏறக்குறைய ஒன்று. கேடிலாக் ஓர் உருளையும் போர்டு இரண்டு உருளைகளும் கொண்டவை. ஆனால் உருளைகள் படத்தில் தெரிவதில்லை. இத்தகைய இடத்தில் ஒத்த தன்மைகளை அடுக்குவதால் பயன் இல்லை. வேறுபடும் ஓர் உறுப்பையேனும் கண்டாக வேண்டும்.

அவ்வாறு வேறுபடுத்தும் உறுப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1901இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் சிறுவண்டி. பனிச்சறுக்கு வண்டியைப் போல முன்பலகை வளைந்திருப்பது அதன் புகழ்பெற்ற அடையாளம். அந்த வளைவைப் பிறரும் பின்பற்றியிருக்கக்கூடும். முன்னச்சிலிருந்து பின்னச்சு வரை நீண்டு, சட்டத்தின் வேலையையும் தானே செய்யும் இரு நெடிய பட்டைவில்கள் அந்த வண்டியின் எலும்பமைப்பைச் சேர்ந்தவை. பார்வைக்குத் தெரியும் அழகைவிட, சுமை தாங்கும் உறுப்பின் அமைப்பு நம்பத்தக்க சான்று.

டயரும் விளக்கும்

இயற்கை ரப்பருடன் துத்தநாக ஆக்சைடு கலந்து செய்த டயர்கள் வெளிறிய நிறம் கொண்டவை. ஏறத்தாழ 1912 முதல் புகைக்கரியைக் கலக்கும் முறை புகுந்தது. அது ரப்பரின் தேய்மானத்தைப் பெரிதும் குறைத்ததால், கறுப்பு டயர் விரைந்து பரவியது. கரிய டயர் தெரிந்தால் பிந்திய காலம் என்று எண்ண இடமுண்டு. ஆயினும் புழுதி படிந்த கறுப்பு டயரும் படத்தில் வெளிறித் தோன்றும் என்பதை மறத்தல் கூடாது. முன்சக்கரங்களில் தடையுருளை இருந்தால், 1920களைச் சேர்ந்த வண்டி என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்கு முன் தடை பின்சக்கரங்களுக்கே உரியதாய் இருந்தது.

விளக்குகள் காலத்தை இன்னும் நுட்பமாகச் சொல்லும். பக்கவிளக்குகள் மண்ணெண்ணெயால் எரிந்தன. முகப்பு விளக்குகளுக்கு அசிட்டிலீன் வளி தேவைப்பட்டது. மிதிபலகையின்மேல் ஒரு பித்தளைக் கலன். அதனுள் கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்டச் சொட்ட வளி பிறந்து, ரப்பர்க் குழாய் வழியே விளக்கை அடையும். பிரஸ்ட்ஓலைட் என்ற பெயரில் 1904க்குப் பின் வளி அடைத்த உருளைகள் விற்பனைக்கு வந்தன. கலனும் உருளையும் மிதிபலகையில் எளிதில் கண்ணுக்குப் படுவன. 1912ஆம் ஆண்டுக் கேடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கியும் மின்விளக்கும் ஒருங்கே வந்தன. அதன்பின் சில ஆண்டுகளில் வளிக் குழாயும் கலனும் மறையத் தொடங்கின.

ஒரு படிப்பினை: போர்டு டி வகை

1908 அக்டோபரில் அறிமுகமாகி 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த போர்டு டி வகை, பழைய படங்களில் மிகுதியாகக் காணப்படும் வண்டி. பெயரைச் சொல்வது எளிது; ஆண்டைச் சொல்வதில்தான் கலை இருக்கிறது.

ஒரு படத்தில் இவ்வகை வண்டி நிற்பதாகக் கொள்வோம். அதன் குளிர்விப்பான் பித்தளை. 1917ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து கரும்பூச்சுப் பெற்ற உறை வந்துவிட்டது. ஆகவே இவ்வண்டி 1916ஆம் ஆண்டு வடிவத்துக்குப் பிந்தியதன்று. அடுத்து, பொறிமூடி முடியும் இடத்தைப் பார்க்கிறோம். 1914 வரை அங்கே தட்டையான மரப்பலகை நிமிர்ந்து நின்றது. நம் வண்டியிலோ வளைந்த தகடு மூடியையும் கூண்டையும் இழைந்து இணைக்கிறது. அது 1915ஆம் ஆண்டு வடிவத்தில் வந்த மாற்றம். முகப்பில் வளிவிளக்கு இல்லை, மின்விளக்கே உள்ளது. அதுவும் 1915ஆம் ஆண்டு வடிவத்துக்கு உரியது. மூன்று சான்றுகளும் ஒருசேரக் காட்டும் இடைவெளி இரண்டே ஆண்டுகள்: 1915, 1916.

இச்சான்றுகள் மூன்றும் சம வலிமை உடையவை அல்ல. பழைய வண்டிக்கு மின்விளக்கை உரிமையாளர் பிற்பாடு பொருத்தியிருக்கலாம். கூண்டோடு இழைந்த தகட்டை அவ்வாறு எளிதில் மாற்ற முடியாது. கழற்றத்தக்க உறுப்பைவிடக் கழற்றவியலா உறுப்புக்கு மதிப்பு மிகுதி. விளக்கும் தகடும் முரண்படுமானால், தகட்டின் சொல்லையே ஏற்க வேண்டும்.

அளவை தரும் உறுதி

கண்ணால் தீராத ஐயத்தை அளவுகோல் தீர்க்கக்கூடும். டி வகை வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தொலைவு 100 அங்குலம். டயரின் புறவிட்டம் 30 அங்குலம். இவற்றின் விகிதம் 3.3. போர்டின் 1903ஆம் ஆண்டு ஏ வகைக்கு அச்சிடைத் தொலைவு 72 அங்குலமும் சக்கரம் 28 அங்குலமும் ஆகும், விகிதம் 2.6. படம் எத்தனை சிறிதாயினும் விகிதம் மாறாது.

வண்டி நேர்ப்பக்கமாக இன்றிச் சற்றே திரும்பி நின்றால் என் செய்வது? அப்போது வட்டமான சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் அகலத்தை உயரத்தால் வகுத்தால், வண்டி திரும்பிய கோணத்தின் கோசைன் மதிப்பு கிடைக்கும். அச்சிடைத் தொலைவும் படத்தில் அதே மடங்கில் குறுகியிருக்கும். ஆகவே அச்சிடைத் தொலைவைச் சக்கரத்தின் உயரத்தால் வகுக்காமல், அதன் குறுகிய அகலத்தால் வகுத்தால் உண்மை விகிதம் மீண்டும் கிட்டும். ஒளிப்படக் கருவி மிக அருகில் இருந்தால் அண்மைச் சக்கரம் பெரிதாகவும் சேய்மைச் சக்கரம் சிறிதாகவும் தோன்றும். இரண்டன் சராசரியைக் கொள்வது முதல் திருத்தம்.

ஒளித்தகட்டின் மயக்கங்கள்

படத்தில் உள்ளதைப் படிக்கும் முன், படம் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் அறிதல் வேண்டும். அக்காலத்து ஒளித்தகடுகள் பெரும்பாலும் நீல ஒளிக்கு மிகுந்த உணர்வும், சிவப்பு ஒளிக்கு மிகக் குறைந்த உணர்வும் உடையவை. 1873இல் ஹெர்மன் போகல் கண்ட சாயமுறை பச்சை ஒளியையும் பதியச் செய்தது. சிவப்பு அப்போதும் இருளாகவே நின்றது. ஆதலால் செந்நிற வண்டி படத்தில் கறுப்பாகவும், நீல வண்டி வெளிறியும் தோன்றும். 1903ஆம் ஆண்டுக் கார்டன் பென்னட் பந்தயத்தில் பிரான்சு நீலமும் அமெரிக்கா சிவப்பும் பூண்டன. அத்தகைய தகட்டில் அந்த நிறங்களின் ஒளிவரிசை நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக அமையும். கறுப்பாய்த் தெரிவதெல்லாம் கறுப்பு வண்டி என்று கொள்ளலாகாது.

கண்ணாடித் தகட்டை மறுபுறம் திருப்பி அச்சிட்டால், வலம் இடமாகும். திசைமாற்றி எப்பக்கம் உள்ளது என்பது முதன்மையான சான்று ஆதலால், இதனை முதலிலேயே சோதிக்க வேண்டும். எழுத்துகள் தெரிந்தால் அவை இடவலம் மாறாமல் நேராக உள்ளனவா என்று பார்க்கலாம். எழுத்து இல்லையெனில் ஆடவர் மேற்சட்டையின் இடப்புற மடிப்பு வலப்புறத்தின்மேல் படிந்துள்ளதா என்று காணலாம்.

லார்த்திக் படத்தின் சாய்வுக்கும் தெளிந்த காரணம் உண்டு. அவர் கருவியின் மூடுதிரையில் ஒரு குறுகிய பிளவு தகட்டின் குறுக்கே நகர்ந்தது. காட்சியின் கீழ்ப்பகுதி முதலிலும் மேற்பகுதி சற்றுப் பின்னரும் பதிந்தன. அந்தச் சிறு இடைவேளைக்குள் சக்கரத்தின் மேற்பகுதி முன்னே சென்றுவிட்டதால், அது முன்னோக்கிச் சாய்ந்தது. அவர் கருவியையும் வண்டியோடு திருப்பினார். ஆனால் வண்டியின் விரைவை முழுதும் எட்டவில்லை. ஆகவே வண்டி முன்னும், நிலையாய் நின்ற மக்கள் பின்னும் சாய்ந்தனர். இதனை அறியாதவர் நீள்வட்டச் சக்கரத்தை வைத்து மேற்கண்டவாறு அளவெடுத்தால் கணக்கு முற்றிலும் பிழைக்கும்.

ஒளிப்பட நிலையங்களில் மரத்தாலும் அட்டையாலும் செய்து நிறுத்திய போலி வண்டிகளில் மக்கள் அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட வழக்கமும் இருந்தது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தாத வண்டியைக் காணும்போது பின்திரையை உற்றுப் பார்க்க வேண்டும். இக்காலத்தில் வேறொரு போலி சேர்ந்துள்ளது. மங்கிய படத்தைத் தெளிவாக்கும் கணிப்பொறிச் செயலிகள், இல்லாத ஆரக்கால்களையும் எழுத்துகளையும் தாமே வரைந்து சேர்த்துவிடுகின்றன. சான்று தேடுவோர் மூலப்படத்தின் மாற்றப்படாத உயர்நுணுக்கப் படியையே ஆராய வேண்டும்.

புறச்சான்றுகள்

வண்டிக்கு வெளியேயும் காலக்கணக்கு உண்டு. நியூயார்க் மாநிலம் 1901இல் பதிவைக் கட்டாயமாக்கியபோது, உரிமையாளரே தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்த பலகையை மாட்டினார். மாசசூசெட்ஸ் 1903இல் தானே பலகைகளை வழங்கியது. பிரிட்டனில் 1904 சனவரி 1 முதல் எண்பலகை கட்டாயமாயிற்று. பலகையின் எழுத்து ஊரைச் சொல்லும். பதிவேடு எஞ்சியிருப்பின் வண்டியின் பெயரையே சொல்லும். படம் அஞ்சலட்டையில் அச்சிடப்பட்டிருந்தால் அதன் பின்புறமும் பேசும். முகவரிக்கும் செய்திக்கும் எனப் பின்புறத்தை இரண்டாகப் பிரிக்கும் முறை பிரிட்டனில் 1902இலும், அமெரிக்காவில் 1907 மார்ச்சிலும் வந்தது.

இத்தகைய ஆய்வைப் பொழுதுபோக்கின் நிலையிலிருந்து ஒழுங்குபட்ட துறையாக உயர்த்தியோருள் பிரிட்டனின் பழந்தானுந்துக் கழகம் குறிப்பிடத்தக்கது. 1930இல் தோன்றிய அக்கழகம், வண்டிகளின் ஆண்டை ஆராய்ந்து சான்றிதழ் வழங்குகிறது. இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டம் 1905க்கு முன் பிறந்த வண்டிகளுக்கே உரியது. அந்த எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்பதை முடிவுசெய்யக் குடும்பக் கதை போதாது. உறுப்புகளின் சான்று வேண்டும்.

முடிவை எழுதும் முறை

நல்ல இனங்காணல் ஒரு பெயரோடு நிற்பதில்லை. எந்த உறுப்பைக் கண்டு அப்பெயர் சொல்லப்பட்டது, எந்தப் பெயர்கள் எதனால் விலக்கப்பட்டன, எந்த எல்லைக்குள் ஆண்டு அமைகிறது என்பன அதனோடு இருத்தல் வேண்டும். "போர்டு டி வகை, 1915 அல்லது 1916 வடிவம், சான்று: பித்தளைக் குளிர்விப்பான், இழைந்த முன்தகடு" என்று எழுதிவைத்தால், நாளை வேறொருவர் அதனைச் சோதிக்கலாம், திருத்தலாம். வெறும் பெயரை எழுதிவைத்தால், நம்புவதன்றி வேறு வழி அவருக்கு இல்லை. 1912 என்றும் டெலாஜ் என்றும் எழுதப்பட்ட குறிப்பு நெடுங்காலம் வாழ்ந்தது இவ்வாறுதான்.

பழைய படங்களை வைத்திருப்போர்க்கும் இதில் பெரும் பொறுப்பு உண்டு. ஓரங்களை வெட்டாமல் முழுப் படத்தையும் படியெடுக்க வேண்டும். வெட்டி எறியும் ஓரத்தில்தான் சக்கரக் குடத்தின் எழுத்து இருக்கக்கூடும். பின்புறத்தையும் தவறாமல் படியெடுக்க வேண்டும். முன்னோர் சொன்ன செய்தியைப் படத்தின்மேல் எழுதாமல், யார் சொன்னது என்ற குறிப்போடு தனித்தாளில் பதிய வேண்டும். கேட்ட செய்தியும் கண்ட சான்றும் ஒன்றோடொன்று கலவாமல் இருந்தால், இரண்டுக்கும் உரிய மதிப்பு கிட்டும். அந்த வண்டிகளை வடித்த கைவினைஞருள் பெரும்பாலோர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் உழைப்பில் உருவான ஒரு வண்டியை அதன் உண்மைப் பெயரால் அழைப்பது, நாம் இன்றும் அவர்களுக்குச் செய்யக்கூடிய நேர்மை.